குசினி வாசலை உடைத்த கதை

போன ஞாயிற்றுக்கிழமை கொழும்பிலிருந்து ஒரு தோழி வந்திருந்தாள். என்னோடு ஒன்றாகப் படித்தவள். வெள்ளவத்தையில் எட்டாவது மாடியில் வீடு. இன்டீரியர் டிசைனர் ஒருவரை வைத்து, மூலை முடுக்கெல்லாம் அலங்கரித்து வைத்திருப்பவள். வந்தவள் கதிரையில் இருக்க முதலே எங்கள் குசினியை எட்டிப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னடி இது... கதவும் இல்லை, நிலையும் இல்லை. அடுப்பு என்ர இடுப்புக்குக் கீழதான் இருக்கு. ஆர் உனக்கு இந்த டிசைன் போட்டுத் தந்தது?"

"ஒரு ஆளில்லை, ரெண்டு பேர்" என்றேன்.

அவளுக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன். சின்ன வீட்டில் இருக்கிறவர்கள் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

எங்கள் வீடு வவுனியா பஸ் நிலையத்துக்குக் கிட்ட. ஒரு மாடி வீட்டின் கீழ்த்தளம். இரண்டு அறை, ஒரு ஹோல், ஒரு குசினி. குசினி என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. நான் உள்ளே நின்றால் இன்னொருவர் வெளியே நிற்க வேண்டும். அந்தச் சிரமத்தை என் கணவருக்கு நான் கொடுத்ததில்லை... அவர் அந்தப் பக்கம் வந்தால்தானே?

மேல் மாடியில் வீட்டுக்காரர் அந்தோனி அண்ணையும் மனைவியும். முல்லைத்தீவுக் கடற்கரையில் தொழில் செய்த குடும்பம். அங்கே கட்டிய வீடுகள் இரண்டும் சண்டையில் உடைபட்டுப் போய், இங்கே வந்து கட்டிய மூன்றாவது வீடு இது. கல் அரிந்ததிலிருந்து கூரை போட்டது வரை அவர் கை படாத இடமில்லை. நாங்கள் வாடகைக்கு வந்த அன்று ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னார்.

"தங்கச்சி, சுவரில ஆணி மட்டும் அடிக்கக் கூடாது."

கலண்டரைக்கூட ஜன்னல் கம்பியில் கட்டித்தான் தொங்கவிட்டோம் என்றால் பாருங்களேன்.

இப்படிப்பட்ட வீட்டில் இருந்துகொண்டு எனக்கு ஒரு கனவு. பான்ட்ரி கபேட்! போனில் 'சின்னக் குசினிக்கு அழகான யோசனைகள்' என்று எத்தனை வீடியோ பார்த்திருப்பேன்? சுவர் முழுக்க வெள்ளை அலுமாரி. தொட்டால் திறக்கும் லாச்சி. நடுவில் பளிங்கு மேசை, மேசையில் ஒரு பூச்சாடி. மஞ்சள் தூள் என்று ஒரு பொருள் உலகத்தில் இருப்பதையே அந்த வீடியோக்காரர்கள் கேள்விப்பட்டதில்லை போல!

அந்த நேரத்தில்தான் கமலா மச்சாள் எங்களோடு இருக்க வந்தார்.

மச்சாள் என் கணவரின் அக்கா. பூநகரியில் தனியாக இருந்து வயல் செய்தவர். கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. வயலில் காலில் ஒரு முள் குத்தியது. நீரிழிவுக்காரருக்கு முள் முள்ளோடு போவதில்லை அல்லவா? புண் ஆறாமல் பழுத்து, கடைசியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வந்தது. புண் நன்றாக ஆறினால்தான் செயற்கைக் கால் பொருத்தலாம், அதுவரை கிளினிக் தவறக் கூடாது என்று வவுனியாவில் டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பூநகரியிலிருந்து வீல் செயாரோடு பஸ் ஏறி வந்து போகிற தூரமா அது? எங்களோடு கூட்டிக்கொண்டு வந்தோம்.

மச்சாளை ஒரு குறையும் இல்லாமல்தான் பார்த்தோம். அவருக்குப் பிடிக்காததும் அதுதான்.

விதைப்புக்கும் அரிவி வெட்டுக்கும் வயலுக்கு வந்த அத்தனை பேருக்கும் சமைத்துப் போட்ட மனுசி. இப்போது ஹோலில், ரீவிக்கு முன்னால். நான் சமைத்துக் கொண்டுபோய்க் கையில் கொடுப்பேன். "நல்லா இருக்கு பிள்ளை" என்பார். நன்றாக இருக்காது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். சில நேரம் ஹோலிலிருந்தே குரல் வரும்.

"பிள்ளை, வெந்தயம் கருகுது! அடுப்பைக் குறை!"

ஓடிப்போய்ப் பார்த்தால்... கருகித்தான் இருக்கும்.

குசினிக்குள் வரவேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆனால் வாசல் ஒடுக்கம். வீல் செயார் நிலையில் முட்டிக்கொண்டு நிற்கும். உள்ளே வந்தாலும் என்ன, சமையல் மேடை அவருடைய நெஞ்சு உயரம். "விடுங்கோ மச்சாள், நான் பாக்கிறன்" என்பேன். அவர் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டு போவார்.

ஒரு நாள் பின்னேரம் நானும் கணவரும் வேலை முடிந்து ஒன்றாக வந்தோம். ஹோலில் மச்சாள் இல்லை. குசினி வாசலில் வீல் செயார் வெறுமையாக நின்றது.

மச்சாள் உள்ளே நிலத்தில் இருந்தார். அடுப்பு மேடையில் முதுகைச் சாய்த்தபடி. கால் எடுத்த இடத்தில் சுற்றியிருந்த வெள்ளைத் துணியில் இரத்தம். பக்கத்தில் கேத்தில் கவிழ்ந்து கிடந்தது. நல்ல காலம், தண்ணீர் கொதித்திருக்கவில்லை.

"அக்கா! என்ன நடந்தது?" என்று இவர் பாய்ந்து போய்ப் பிடித்தார்.

"தேத்தண்ணி போட வந்தனான்" என்றார் மச்சாள். "இறங்கி, அரக்கி அரக்கி உள்ளுக்கு வந்திட்டன். எழும்பத்தான் ஏலாமப் போச்சு."

எவ்வளவு நேரம் அப்படி இருந்தார் என்று நாங்கள் கேட்கவில்லை. ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். தையல் பிரியவில்லை, மேலால்தான் உரசியிருக்கிறது என்று கட்டி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து இருந்ததும் மச்சாள் சொன்னார்.

"தம்பி, என்னைக் கொண்டுபோய்ப் பூநகரியில விடு."

"அங்க போனா கிளினிக்குக்கு ஆர் கூட்டிக்கொண்டு வாறது? புண் திரும்பப் பழுத்தா என்ன செய்யிறது அக்கா?"

"பழுத்தாப் பழுக்கட்டும். அங்க என்ர அடுப்பு நிலத்தில இருக்கு. தவண்டெண்டாலும் போவன். ஒரு தேத்தண்ணிக்கு ஆள் வரும்வரைக்கும் வாசலைப் பாத்துக்கொண்டு இருக்க என்னால ஏலாது."

என் கணவர் தன் அக்காவுக்கு முன்னால் அழுததை அன்றுதான் பார்த்தேன். மச்சாள் அழவில்லை. 'விடிஞ்சதும் போவம்' என்று உடுப்புப் பையை எடுக்கச் சொன்னார்.

காலையில் நான் மேல் மாடிக்குப் போனேன். ஆணிக்கே அனுமதி இல்லாத வீட்டில் வாசலை உடைக்கக் கேட்பது எப்படி? என்ன சொன்னேன், எப்படிச் சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. அந்தோனி அண்ணை சேர்ட்டைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். குசினி வாசலைப் பார்த்தார். நிலையைத் தடவினார். முதிரை மரம்... அவரே தேடி எடுத்து, அவரே பொருத்திய நிலை.

மச்சாளுக்கு விளங்கிவிட்டது. "அண்ணை, இவையள் சொல்லுகினமெண்டு உங்கட வீட்டில கை வைக்காதேங்கோ. நான் இண்டைக்குப் போறன்."

"எங்க போறியள்?"

"பூநகரிக்கு."

"அங்க ஆர் இருக்கினம்?"

மச்சாள் உடுப்புப் பையின் வாயைக் கட்டினார். அந்தோனி அண்ணை திரும்பி மாடிப்படி ஏறிப் போய்விட்டார். சரி, அவ்வளவுதான் என்று நினைத்தேன். அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. வீடு அவருடையதுதானே?

கொஞ்ச நேரத்தில் படியில் சத்தம். ஒரு கையில் சுத்தியல், மறு கையில் அலவாங்கு.

"மேசனைக் கூப்பிடுவமே அண்ணை?" என்று என் கணவர் கேட்டார்.

"தேவையில்லை. கட்டினது நான். உடைக்கிறதும் நான்தான்" என்றவர், நிலையில் முதல் அடி அடிக்க முன் ஒரு கணம் நின்றார். "ரெண்டு வீட்டை ஆரோ உடைச்சாங்கள் தம்பி. இதை நானா உடைக்கிறன். அதும் இதும் ஒண்டில்லை."

நிலை கழன்றபோது வாசலோரச் சாந்தும் கொஞ்சம் உதிர்ந்தது. மச்சாள் பார்த்துக்கொண்டிருந்தார். சாந்துத் தூளெல்லாம் கூட்டி அள்ளியதும் வீல் செயாரை உருட்டினார். இரண்டு பக்கமும் முட்டாமல் உள்ளே போனது. உடுப்புப் பையை அதற்குப் பிறகு யாரும் தேடவில்லை.

ஆனால் உள்ளே போனால் திரும்ப இடம் வேண்டுமே? அப்போதுதான் என் குசினியை நானே முதல்முறை சரியாகப் பார்த்தேன். பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது ஒரு பழைய அலுமாரி. திறந்தோம். உள்ளே என்ன? கலியாணத்துக்கு வந்த கண்ணாடிக் கிளாஸ் செட்டுகள், பெட்டி பிரிக்காமலே. பழுதாய்ப்போன ரைஸ் குக்கர், அதற்குப் பதில் வாங்கியது, அதுவும் பழுதானது. மூடியில்லாத டப்பாக்கள், டப்பாவில்லாத மூடிகள். இவற்றுக்கெல்லாம் குசினியில் இடம் இருந்திருக்கிறது... ஒரு மனுசிக்குத்தான் இல்லை!

அலுமாரியை வெளியே எடுத்தோம். அதன் முதுகுக்குப் பின்னால் ஒரு ஜன்னல். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு ஜன்னல் இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. கொண்டியைத் தட்டித் திறந்ததும் பின்வளவுக் காற்று உள்ளே வந்தது. வவுனியா வெயிலில் இத்தனை வருடம் நான் வெந்துகொண்டு சமைத்த குசினியா இது?

ஜன்னலுக்குக் கீழே ஒரு தாழ்ந்த மேசை. கழற்றிய முதிரை நிலையை அந்தோனி அண்ணை தானே அறுத்துக் கால் போட்டுத் தந்தார். வீல் செயார் உள்ளே போக, மேசைக்கு அடியை வெறுமையாக விட்டோம். மேசையில் காஸ் அடுப்பு. தண்ணீர்ப் பைப்பில் ஒரு நீளக் குழாயைப் பூட்டி, மேசையில் இருக்கும் பேசின் வரை கொண்டுவந்தோம். உப்பு, தூள், புளி எல்லாம் இருந்த இடத்திலிருந்தே எடுக்கிற மாதிரி கையெட்டும் தூரத்தில். பெரிய சட்டிகள் நிலத்தில், ஒரு கூடையில். பிரிட்ஜ் ஹோலுக்குப் போய்விட்டது. கதவு இருந்த இடத்தில் ஒரு சேலைத் துணித் திரை. முடிந்தது. ஒரு வீடியோவிலும் இந்த டிசைனை நான் பார்த்ததில்லை.

அன்று பின்னேரம் மச்சாள் எங்கள் எல்லோரையும் ஹோலில் இருக்கச் சொன்னார். "ஒருத்தரும் உள்ளுக்கு வரப்படாது" என்றார். திரைக்குப் பின்னால் சத்தம் மட்டும் கேட்டது. அடுப்பைப் பற்ற வைக்கிற சத்தம், கரண்டிச் சத்தம். எழும்பப் போன என்னை இவர் கையைப் பிடித்து இருத்தினார்.

திரை விலகியது. மடியில் விளிம்பு உயர்ந்த தட்டு, தட்டில் அரைவாசி மட்டும் நிரப்பிய கோப்பைகள். மெதுவாகச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்து, முதல் கோப்பையை அந்தோனி அண்ணைக்கு நீட்டினார்.

அவர் ஒரு வாய் குடித்தார். "சீனி கூடிப்போச்சு" என்றார்.

"சீனி வருத்தம் எனக்குத்தான் அண்ணை. மற்றவைக்கு ஏன் குறைக்க வேணும்?"

கால் எடுத்த பிறகு மச்சாள் சிரித்ததை நாங்கள் கண்டது அன்றுதான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தேன். என் கணவர் துடைக்கக்கூட இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சாப்பாடு சாப்பாடாக இருந்தது! மீன் சொதி, முருங்கையிலை வறை, கத்தரிக்காய்ப் பால்கறி. நான் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு இருந்துகொண்டு வெங்காயம் உரிப்பேன். இருந்து சமைப்பது எத்தனை சுகம் தெரியுமா? இத்தனை நாள் ஏன் நின்றேன் என்று இருந்தது. இன்னொரு அதிசயமும் நடந்தது. இரண்டாவது ஸ்டூல் போட்டதும் என் கணவர் உள்ளே வந்து தேங்காய் துருவத் தொடங்கினார். இருக்க ஒரு இடம் கொடுத்தால் ஆண்களும் குசினிக்கு வருவார்கள், இதை எந்த டிசைனரும் சொல்லித் தரமாட்டார்.

கிளினிக் ஒன்றும் தவறவில்லை. புண் ஆறியது. செயற்கைக் கால் பொருத்தினார்கள். முதலில் எங்கள் கையைப் பிடித்து, பிறகு சுவரைப் பிடித்து, பிறகு ஒரு தடியோடு மச்சாள் நடந்தார். பூநகரிக்குப் புறப்பட்ட அன்று காலையில் ஆளைக் காணவில்லை என்று தேடினால், மாடிப்படியில் ஏறிக்கொண்டிருக்கிறார்! கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, ஒவ்வொரு படியாக. சத்தம் கேட்டு அந்தோனி அண்ணை பதறிக்கொண்டு வெளியே வந்தார்.

"ஏன் ஏறினனீங்கள்? சொல்லியிருந்தா நான் இறங்கி வந்திருப்பன்தானே?"

"எனக்காக நீங்கள் ஒருக்கா இறங்கி வந்தனீங்கள் அண்ணை" என்றார் மச்சாள். "போயிட்டு வாறன் எண்டு சொல்ல நான் ஏறித்தான் வரவேணும்."

அந்தோனி அண்ணை தலையை ஆட்டினார். நன்றி என்ற சொல்லை இரண்டு பேருமே சொல்லவில்லை. ஆனால் கீழே நின்ற எனக்கு அது கேட்டது.

இப்போது மச்சாள் பூநகரியில். அடுப்பை நிலத்திலிருந்து மேசைக்கு ஏற்றிவிட்டாராம். எங்கள் குசினியை நான் பழையபடி மாற்றவில்லை. ஜன்னல் திறந்தபடி இருக்கிறது. மேசைக்கு முன்னால் ஸ்டூலில் இருந்துதான் சமைக்கிறேன். பான்ட்ரி கபேட் கேட்டு இப்போது மனம் அலைவதில்லை.

பின்வளவில் அந்தோனி அண்ணை வாடகைக்கு விட இன்னொரு சின்ன வீடு கட்டத் தொடங்கியிருக்கிறார். இந்தமுறை வயது காரணமாக மேசன் ஒருவரை வைத்திருக்கிறார். நேற்று அந்த மேசன் வழக்கமான அளவில் வாசல் விட்டுக் கல் வைக்கப் போக, அந்தோனி அண்ணை தடுத்துவிட்டார்.

"அகலமா விடு. ஆர் வந்து இருக்கப் போகினமெண்டு எங்களுக்குத் தெரியுமே?"

சின்ன வீடு கட்டுகிறவர்களே, அலங்கரிக்கிறவர்களே... முதலில் வாசலை அளந்து பாருங்கள். மற்றதெல்லாம் தானாக உள்ளே வரும்.