கசகசாப் பூவும் மூடிய கண்களும்

பர் துபாயில் நாங்கள் குடியிருந்த காலத்தில், ஊருக்கே திரும்பிப் போன ஒரு குடும்பம் எனக்கு ஓர் ஓவியப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனது. கண்ணால் கண்டதை விட்டுவிட்டுக் கனவில் கண்டதை வரைந்த, நூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பியக் குறியீட்டு ஓவியர்களின் படங்கள். ஆற்றில் மிதந்துபோகும் ஒரு பாடகனின் தலை, பூவுக்குள்ளிருந்து பார்க்கும் முகம், கண்களை மூடியபடி வேறெங்கோ போய்விட்ட பெண்கள். ஒரு மாதம் அதையே புரட்டிக்கொண்டிருந்தேன். பிறகு எனக்கும் கை துறுதுறுத்தது.

வரைவதற்கு வீட்டில் கிடைத்தவர் என் கணவர்தான். கட்டட சைட்டில் இன்ஜினியர். வெள்ளிக்கிழமை லீவில் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையுடன் கம்பீரமாக நாற்காலியில் உட்கார்ந்தார். பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டார். நான்கு வெள்ளிக்கிழமையும் இதே கதை. வேறு வழியில்லாமல் தூங்குகிறவரையே வரைந்தேன். கிரேக்கர்களின் தூக்க தெய்வத்துக்குக் கசகசாப் பூ உகந்தது என்று படித்திருந்தேன். அவர் தலையைச் சுற்றி அதைச் சிவப்புச் சிவப்பாகப் பூக்கவிட்டு, பின்னால் கருநீலத்தில் ஓர் ஆற்றையும் ஓடவிட்டேன்.

படத்தைப் பார்த்ததும் அது என்ன பூ என்று கேட்டார். சொன்னேன்.

"குருமாவுக்குக் கசகசா கொண்டுவந்தாலே போதைச் சரக்குன்னு ஏர்போர்ட்ல பிடிக்கிற ஊர். நீ என் தலையில தோட்டமே போட்டிருக்கே."

பக்கத்து ஃப்ளாட்டில் குமரிக் கடற்கரைக்காரி ஒருத்தி இருந்தாள், நர்ஸ். டியூட்டி முடிந்து வந்தவள் படத்தின் முன் நின்று, சத்தமில்லாமல் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அக்கா, அண்ணன் நல்லாத்தானே இருக்காவ?"

மூடிய கண், சுற்றிலும் பூ. அவள் வேறென்ன நினைப்பாள்? அண்ணனே உள்ளேயிருந்து வந்து டீ வேண்டுமா என்று கேட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

அன்றிலிருந்து, கண்ணைத் திறந்துவிடு என்று அவர் நச்சரிக்கத் தொடங்கினார். திறந்துவிட்டேன். தெய்வம் போய், விசாவுக்கு போட்டோ எடுத்துக்கொள்ளும் இன்ஜினியர் வந்துவிட்டார். ஆறுகூட வெறும் பெயின்ட் ஆகிவிட்டது. எனக்கு அழுகையே வந்தது. படத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, சைட்டிலிருந்து வந்தவர் அதைத் தானே திருப்பி வைத்து வெகுநேரம் பார்த்தார். தூங்கும்போது முகம் நிஜமாகவே அத்தனை நிம்மதியாக இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்றேன். சைட்டில் யாரும் அந்த முகத்தைப் பார்த்ததே இல்லை என்றார்.

"அப்ப மூடிடு."

மூடினேன். இமைகள் முதல் தடவையைவிட நன்றாகவே அமைந்தன. மறுநாள் சைட்டிலிருந்து ரசமட்டம் கொண்டுவந்து, இம்மியும் சாயாமல் சோபாவுக்கு மேலே அவரே மாட்டினார்.