சாட்சி இல்லாத சொல்

‘அற்புதமான’ போயிற்று. ‘மிகவும்’ போயிற்று. ‘மனம் நெகிழும் வண்ணம்’ மூன்று சொல்லும் ஒரே இழுப்பில் போயின. திங்கட்கிழமை காலை பத்தே கால்தான் ஆகிறது. மிஸ் எனிட் ஆக்ராய்ட் இன்னும் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. இடக் கையில் இஞ்சி பிஸ்கட், வலக் கையில் நீலப் பென்சில். பிஸ்கட் ஒரு கடி, பென்சில் ஒரு கோடு என்று வேலை நடக்கிறது.

யார்க்‌ஷர் மலைச் சரிவில் இருக்கும் எங்கள் வாரப் பத்திரிகைக்குச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து செய்தி எழுதி அனுப்புகிறவர்கள் பதினான்கு பேர். தேவாலயத்தில் தேநீர் விருந்து, செம்மறி ஆட்டுக் கண்காட்சி, யார் தோட்டத்து லீக்ஸ் வெங்காயத் தண்டு பெரிசு என்ற போட்டி, எல்லாம் எழுதுவார்கள். அதைத் திருத்தி அச்சுக்கு அனுப்புவது மிஸ் ஆக்ராய்ட். முப்பத்தோரு வருடமாக இதே நாற்காலி. எதிர் மேஜையில் பிறப்பு, இறப்பு, காணாமல் போன நாய் என்று விளம்பரம் வாங்குகிறவள் நான். ஆகவே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்த மலைக்காரர்களுக்கு ஒரு பழக்கம். பேசும்போது சொல்லின் வாலை விழுங்கிவிடுவார்கள். ‘பஸ் வேகமான போச்சு’ என்கிற மாதிரிதான் அவர்கள் இங்கிலீஷ் இருக்கும், எழுத்திலும் அப்படியே வரும். மிஸ் ஆக்ராய்டுக்கு அதைக் கண்டால் பல்வலி வந்துவிடும். “வேகமானங்கறது ஒரு பொருளைப் பத்திச் சொல்றது, கண்ணு. வேகமாங்கறது அது போன விதத்தைச் சொல்றது. பஸ்ஸு போச்சுன்னா எப்படிப் போச்சுன்னு சொல்லணுமில்ல?” என்பார். கசாப்புக் கடைப் பலகையில் இருந்த பிழையையும் ஒரு நாள் சாக்கட்டி வாங்கித் திருத்திவிட்டு வந்தார். அது முதல் அவர் தலை தெருமுனையில் தெரிந்தாலே கசாப்புக் கடைக்காரர் வெளியே வந்து பலகையை மறைத்துக்கொண்டு நிற்கிறார்.

வால் சரியாக இருந்தால் சொல் பிழைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். முதலில் வாலை ஒட்டுவார், பிறகு சொல்லையே வெட்டுவார். வர்ணிக்கிற சொல்லுக்குச் சாட்சி வேண்டும் என்பது அவர் சட்டம். சம்பந்தமில்லாத ஒரு வெளியாள் கண்ணால் பார்த்து, காதால் கேட்டுச் சொன்னால் ‘நன்றாக’ நிற்கலாம். உள்ளாள் சொன்னால் நிற்காது. என் மகள் பிறந்தபோது தள்ளுவண்டிக்குள் குனிந்து வெகுநேரம் பார்த்தார். எல்லாரும் ‘கொள்ளை அழகு’ என்று உருகிக்கொண்டிருந்த நேரம். “ரெண்டு காதும் ஒரே அளவா இருக்கு,” என்றார். எனக்குச் சுருக்கென்றது. மகளுக்கு இப்போது பதினொரு வயது. அந்தச் சுருக் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

அச்சு வேலையில் ஒரு வசதி உண்டு. தவறுதலாக ஒரு சொல்லை அடித்துவிட்டால், அதன் அடியில் புள்ளி வரிசை வைத்தால் போதும். ‘அடித்தது அடித்ததல்ல, இருக்கட்டும்’ என்று அச்சுக்கோப்பவர் புரிந்துகொள்வார். மற்ற எல்லாருமே புள்ளி வைப்பவர்கள்தான். மிஸ் ஆக்ராய்ட் வைத்து நான் பார்த்ததில்லை. ஏன் என்று ஒரு முறை கேட்டேன். “செத்தது செத்ததுதான், கண்ணு,” என்று பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார்.

இந்தச் சட்டத்தில் அதிகம் அடிபட்டவர் அப்பர் ஹேலி கிராமத்து ஹெர்பர்ட் பிக்கிள்ஸ். ஓய்வு பெற்ற தபால்காரர். ஊர்ப் பித்தளை வாத்தியக் குழுவில் இருப்பதிலேயே பெரிய குழல் அவருடையது. குழுவைப் பற்றி எங்களுக்கு எழுதி அனுப்புகிறவரும் அவரே. பதினெட்டு வருடமாக வாரம் தவறாமல் ‘மிக மிக அழகான வாசித்தார்கள்’ என்று எழுதுகிறார். பதினெட்டு வருடமாக ‘வாத்தியக் குழு வாசித்தது. தேநீர் வழங்கப்பட்டது’ என்று அச்சாகிறது. அவர்கள் அதை வெட்டி, ஒத்திகை அறைச் சுவரில் ஒட்டி வைக்கிறார்களாம். சுவர் நிறையச் செய்தி, ஒன்றிலாவது ஒரு நல்ல வார்த்தை கிடையாது.

ஹெர்பர்ட் போன் செய்து கெஞ்சுவார். “ஒரே ஒரு சொல்லு விட்டு வையுங்கம்மா. சாகறதுக்குள்ள எங்க பசங்க பேப்பர்ல பாத்துக்கட்டும்.” அவர் சொல்லும் பசங்களில் பாதிப் பேருக்கு அறுபது தாண்டிவிட்டது. “ஊதுறதும் நீங்க, நல்லாயிருந்துச்சுன்னு சொல்றதும் நீங்களா?” என்பார் இவர். “அப்ப நீங்க வந்து கேளுங்களேன்” என்பார் அவர். உடனே இவருக்குச் சளி பிடிக்கும். பஸ் ஒத்துக்கொள்ளாது. முழங்காலில் குளிர் இறங்கும். பதினெட்டு வருடமும் ஏதாவது ஒரு சாக்கு இருந்தது.

இந்தப் பிப்ரவரியில்தான் அது நடந்தது. ஹெர்பர்ட்டின் உறையைப் பிரித்தால், ‘வாத்தியக் குழு வாசித்தது. தேநீர் வழங்கப்பட்டது’ என்று அவரே எழுதியிருந்தார். நீலப் பென்சில் தாளுக்கு மேலே வட்டமடித்தது, இறங்க இடமில்லை. அடுத்த வாரமும் அதே. மூன்றாவது வாரம் தேநீரும் இல்லை. ‘வாசித்தது’ என்பதோடு சரி.

பிஸ்கட் அப்படியே கிடந்தது. மலைப்பக்கம் காய்ச்சல் ஏதாவது பரவியிருக்கிறதா என்று என்னைக் கேட்டார். என் மேஜைக்கு வரும் இறப்பு அறிவிப்புகளை எனக்கு முன்னால் தானே எடுத்துப் படித்தார். உங்கள் திருத்தத்தைப் பார்த்துப் பார்த்து அவர் கற்றுக்கொண்டிருப்பார் என்று சும்மா சீண்டிப் பார்த்தேன்.

“அந்த ஆளா? திருந்தற வயசா அது? மனுஷனுக்கு என்னமோ ஆயிடுச்சு, கண்ணு,” என்றார். எனக்கே பாவமாகப் போய்விட்டது.

சனிக்கிழமை, நோயாளிக்குக் கொடுக்க, மாவு ஓட்டுக்குள் பன்றிக்கறி வைத்துச் சுட்ட ‘பை’ ஒன்று வாங்கிக்கொண்டு அப்பர் ஹேலிக்குப் பஸ் ஏறினார். வேடிக்கை பார்க்கிற ஆசையில் நானும் தொற்றிக்கொண்டேன். வீட்டில் ஹெர்பர்ட் இல்லை. பக்கத்து வீட்டு அம்மாள் ஒத்திகை அறைப் பக்கம் கையைக் காட்டினாள். அதன் வாசலில் சிவப்புச் சீருடையில், ஆப்பிள் மாதிரிக் கன்னத்தோடு, மனிதர் ஜம்மென்று நின்றுகொண்டிருந்தார்.

“உடம்புக்கு ஒண்ணுமில்லையா உங்களுக்கு?”

“நல்லா இருக்கேம்மா. இதுக்கும் சாட்சி வேணுங்களா?”

உள்ளே இருபத்திரண்டு பேர் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு தயாராக இருந்தார்கள். முன்னால் மெத்தை போட்ட ஒரு காலி நாற்காலி. கரும்பலகையில் ஒரு பட்டியல்: வர்ணனைச் சொல் இல்லாத தாளைப் பார்த்துவிட்டு மிஸ் ஆக்ராய்ட் பதறி ஓடிவர எத்தனை வாரம் ஆகும் என்று ஆளாளுக்குக் கட்டிய பந்தயம். மூன்று வாரம் என்று சொன்ன வாத்தியக் குழுத் தலைவரின் மனைவிக்குப் பழக் கேக் பரிசு.

மிஸ் ஆக்ராய்டின் முகத்தில் ஈயாடவில்லை. திரும்பி நடக்கப் பார்த்தார். அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி பத்து நிமிடம் இருந்தது. வேறு வழியில்லாமல் கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வாசித்தார்கள். இரண்டாவது கார்னெட் குழல் ஒரு இடத்தில் வழி தவறியது. ஹெர்பர்ட்டுக்கு ஒரு இடத்தில் மூச்சு பிந்தியது. எனக்கே தெரிந்தது, மிஸ் ஆக்ராய்டுக்குத் தெரியாமலிருக்குமா? நடுவில் மெதுவான ஒரு பக்திப்பாட்டு வந்தது. மற்ற எல்லாம் அடங்கி, ஹெர்பர்ட்டின் குழல் மட்டும் அடியிலிருந்து எழுந்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன். மிஸ் ஆக்ராய்டின் பிடியில் பையின் ஓடு நொறுங்கி மடியெல்லாம் தூளாகக் கிடந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பாவாடையிலிருந்த தூளைத் தட்டிக்கொண்டே வந்தார். இறங்குகிற இடத்தில், “ரெண்டு இடத்துல பிசகிடுச்சு,” என்றார்.

திங்கட்கிழமை உறை வந்தது. ஹெர்பர்ட் பழையபடி ஆகியிருந்தார்: ‘வாத்தியக் குழு மிக மிக அழகான வாசித்தது.’ மிஸ் ஆக்ராய்ட் தொப்பியைக் கழற்றவில்லை. முதலில் ‘அழகான’ என்பதை ‘அழகாக’ என்று திருத்தினார். ஒரு ‘மிக’ போயிற்று. இன்னொரு ‘மிக’வும் போயிற்று. போன வேகத்தில் பென்சில் ‘அழகாக’வின் மேலும் ஓடிவிட்டது.

அதோடு நின்றது. பிஸ்கட்டைக் கீழே வைத்தார். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் சட்டென்று காணாமல் போன ஒரு நாயின் விளம்பரத்துக்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டேன். எதிர் மேஜையில் பென்சில் முனை தாளில் புள்ளி வைப்பதுபோல் மெல்லத் தட்டுவது கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.