துவான் பெயர் வந்த பாட்டு

எழுபதுகளின் கடைசியில், மேற்கு மெல்போர்னில், மால்டா தீவிலிருந்து குடியேறியவர்களின் மன்றத்தில் வெள்ளிக்கிழமை என்றால் பாட்டுச் சண்டை. கிட்டார் ஓயாது, இருவர் மாறி மாறி, அங்கேயே கட்டிய நாலடிப் பாட்டுகளால் மோதிக்கொள்வார்கள். வென்சு எழுந்தால் கூடம் அடங்கும். கப்பலில் வந்து இறங்கியது, வாடகைக்கு வீடு தர மறுத்தது, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி 'உன் முயல் கறி நாத்தம் தெருவே தாங்கல' என்று வேலிக்கு மேல் கத்தியது, எல்லாம் அவர் பாட்டில் வரும். இறைச்சி ஆலையில் நாளெல்லாம் எலும்பு அறுத்த ஆண்கள் உட்கார்ந்து அழுவார்கள்.

ஒரு வெள்ளி வென்சு துவானைக் கூட்டிப் போயிருந்தார். வியட்நாமிலிருந்து படகில் வந்தவன். ஆலையில் அவருக்கு எதிர்மேசை. தனியாகச் சோறு தின்றவனை இவர்தான் பக்கத்தில் உட்காரவைத்தார்.

எதிர்ப்பாட்டுக்காரன் சால்வு சீண்டினான். "ஏன்டா வென்சு, அழ வச்சே பொழப்ப ஓட்டுறியா? சிரிக்க வைக்க வராதா?"

கிட்டார் தந்தி அடங்குமுன் பதில் அடி பாடியாக வேண்டும். வாயில் வந்தது துவானின் பெயர். அவன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் ஆலையில் செத்த மாடும் எழுந்து ஓடும் என்று பாடினார்.

கூரை அதிரச் சிரித்தார்கள். தன் பெயர் காதில் விழுந்த துவானும் சிரித்தான்.

பாடியதைத் திரும்பப் பெறும் வழக்கம் கிடையாது. அடிபட்டவன் பதில் பாடித் தீர்த்துக்கொள்ளலாம். துவானுக்கு மால்டா மொழி தெரியாது.

திங்கட்கிழமை ஆலையில் துவான் கேட்டான். "அண்ணே, என்னைப் பத்தி என்ன பாடினீங்க?"

"நல்ல பையன்னு."

"அப்ப ஞாயித்துக்கெழமை வீட்டுக்கு வாங்க. புள்ளைக்கு ஒரு மாசம் முடியுது, விருந்து வைக்கிறோம். எம் பொண்டாட்டி முன்னால அதையே பாடணும்."

ஞாயிற்றுக்கிழமை வென்சு போனார். சோறு வந்தது, மீன் வந்தது. ஆங்கிலம் தெரியாத துவானின் மனைவி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எதைப் பாடினாலும் அங்கே யாருக்கும் புரியப்போவதில்லை. அதனாலேயே பாடாமல் துவான் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நான் பொய் சொன்னேன். ஒஞ் சாப்பாடு நாறுதுன்னு பாடினேன். அதுக்குத்தான் எல்லாரும் சிரிச்சாங்க."

துவான் குழந்தையின் பாதத்தைப் பிடித்தபடி இருந்தான். "நானும் சிரிச்சேனே," என்றான்.

மனைவி ஏதோ கேட்டாள். அவன் தங்கள் மொழியில் சுருக்கமாகச் சொன்னான். அவள் முகம் மலர்ந்தது. மீனில் பெரிய துண்டாகப் பார்த்து வென்சுவின் தட்டில் வைத்தாள்.

வென்சு தின்றார். அதன்பின் சாகும்வரை மன்றத்தில் கிட்டார் மட்டுமே வாசித்தார்.