கேட்க உட்கார்ந்த இடம்

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கெஸ்ட் ஹவுஸ் இருந்த தெருவைத் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். போன வருஷம் செப்டம்பர், ஒரு வியாழக்கிழமை மத்தியானம். திருப்பூர் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தேன். அங்கே ஒரு பனியன் கம்பெனி உண்டு. எப்போது போனாலும் என்னைச் சேர்த்துக்கொள்வார்கள்.

நான் பத்தாவதில் பாதியில் நின்றவன். ஓசூர், திருப்பூர், எர்ணாகுளம் என்று வேலை இருந்த ஊரெல்லாம் என் ஊர். பிறகு தனியாகப் பரீட்சை எழுதி, பிளஸ் டூவும் தேறி, இருபத்தேழு வயதில் புதுச்சேரியில் கல்லூரியில் சேர்ந்தேன். தத்துவமும் சமயவியலும். அப்போது முதலியார்பேட்டை சபையில் ஒரு பிரதர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, அதப் படிச்சா உள்ள இருக்கற விசுவாசமும் போயிடும்பா" என்றார். அவர் இன்று முன்வரிசையில்தான் உட்கார்ந்து என் சாட்சியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஸ்தோத்திரம் பிரதர்.

கெஸ்ட் ஹவுஸில் சாயங்கால வேலை. மாடிப்படிக்குக் கீழே படுக்கை. அன்று முதலாளி, "இனிமே காலையிலதான் ஆள் வேணும். படிப்பா வேலையா, இப்பவே சொல்லு" என்றார். படிப்பு என்று வாய் சொல்லிவிட்டது. படுக்க இடமும் வேலையோடு போயிற்று. தங்க இடமில்லாமல் எப்படி வகுப்புக்குப் போவது? பஸ் ஏறினால் இனிமேல் படிக்க மாட்டேன் என்பதும் எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் மனதில் கிடந்தது. அந்தத் திங்கட்கிழமை வகுப்பில் மேடம் ஒரு கேள்வி போட்டிருந்தார்: "கடவுளுக்கு எல்லாம் முன்பே தெரியும் என்றால், ஜெபத்தில் எதற்காகக் கேட்க வேண்டும்?" வெள்ளிக்கிழமை நான் எழுந்து பதில் சொல்ல வேண்டும். என்னிடம் பதில் இல்லை.

நடந்துகொண்டே ஜெபிக்கப் பார்த்தேன். ஹாரன் சத்தத்தில் மனம் நிற்கவில்லை. பூங்கா மதில் ஓரமாக உட்கார்ந்து கண்ணை மூடினேன். "ஆண்டவரே, உமக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. ஆனாலும் கேட்கிறேன். நான் படிக்க வேண்டும். படுக்க ஒரு இடமும், காலேஜ் மணிக்கு முன்னால் முடிகிற ஒரு வேலையும் கொடும்."

பக்கத்தில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது.

"இன்னாண்ணா, ரோட்டோரமா தூங்கினு இருக்க?"

என் வகுப்புத் தமிழரசி. மூலக்குளத்தில் இருக்கிற வீட்டுக்குப் போகிற வழி. அவள் அப்பா கடவுள் இல்லை என்று மேடையில் பேசுகிறவர். அதையே அவள் வகுப்பில் பேசுவாள். வெள்ளிக்கிழமை என்னை எதிர்த்துப் பேச வேண்டியவளும் அவள்தான்.

"ஜெபம் பண்ணினு இருந்தேன்."

"பை எதுக்கு? கடவுள் வெளியூரா?"

"திருப்பூர் போறேன்மா. வேல போச்சி. தங்க எடமும் போச்சி."

பரிதாபப்படுவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம் வந்தது.

"அப்ப நாளைக்கு நான் யார்கிட்ட பேசறது? இதுக்குன்னு உக்காந்து படிச்சி வெச்சிருக்கேன். மத்தவங்க எல்லாம் பரீட்சைக்கு முன்னாடி மட்டும் சாமி கும்புடற கேசு. நெசமா நம்பறது நீ ஒருத்தன். நீ ஓடிட்டா நான் ஜெயிச்சதா ஆவுமா?"

அங்கேயே அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள். அவர் குட்டியானை வண்டியில் வைத்திக்குப்பத்திலிருந்து மார்க்கெட்டுக்கு மீன் ஏற்றுகிறவர். பெட்டி தூக்குகிற ஆள் நின்றுபோய்த் திண்டாடிக்கொண்டிருந்தார்.

"விடியறதுக்குள்ள வரணும். காலேஜுக்கு முன்னாடி முடிஞ்சிடும். பெட்டி வெக்கற ரூம்ல படுத்துக்கலாமாம். நாறும். பரவால்லியா?"

சரி என்று எழுந்தேன். "கர்த்தர்தாம்மா உன்ன அனுப்பனாரு" என்றேன்.

"என்ன யாரும் அனுப்பல. நீ உக்காந்திருந்த, கண்ல பட்ட. நடந்திருந்தா கும்பலோட கும்பலா விட்டுட்டுப் போயிருப்பேன். அவ்ளோதான்."

அதைக் கேட்டதும் வகுப்புக் கேள்வி நினைவுக்கு வந்தது. நான் எதற்காக உட்கார்ந்தேன்? கேட்பதற்காக. கேட்டதால் கர்த்தருக்குப் புதிதாக ஒன்றும் தெரியவரவில்லை. ஓடிக்கொண்டிருந்த நான் ஓரிடத்தில் நின்றேன். உதவி என்னைப் பிடித்துவிட்டது. மேடம் கேட்ட கேள்விக்குப் பதிலை, கடவுளை நம்பாத பெண்ணின் வாயால் கேட்டேன்.

மறுநாள் வகுப்பில் அதையே சொன்னேன். தமிழரசி எழுந்து, எல்லாம் தற்செயல் என்று பிரித்து மேய்ந்தாள். மணி அடித்தும் ஒருவரும் வெளியே போகவில்லை. அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. இப்போது இரண்டாம் வருஷம். வேலைக்குக் கிளம்பிய பிறகு ஒரே ஊரில் இத்தனை நாள் நான் தங்கியதே இல்லை. விசுவாசம் போகவில்லை பிரதர். கேள்வி கேட்டால் உடைந்துவிடுமோ என்ற பயம்தான் போயிற்று.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறவர்களில் யாராவது பையைக் கட்டி வைத்திருந்தால், கிளம்புமுன் ஓரிடத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பதில் யார் வண்டியில் வர வேண்டும் என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள்.

முடிக்குமுன் ஒன்று. அந்த வெள்ளிக்கிழமை விடிகாலை, வகுப்புக்கு முன்னால், வைத்திக்குப்பம் கரையில் ஐஸ் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தேன். விரல் மரத்துவிட்டது. வகுப்பில் சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாப்பா, தனியாப் பேசற?" என்றார் மீன் வாங்க வந்திருந்த ஒரு அக்கா.

"காலேஜ்ல பேசணும்கா."

"இன்னா படிக்கற?"

"கடவுளப் பத்தி."

"அவரு எங்கயும் போவ மாட்டாரு. ஐசு கரையுது, பெட்டியப் புடி."

பிடித்தேன்.