கயிற்றைத் தொடாதவர்

"மென்மையாகப் பேசுபவர். எவரோடும் இணங்கிப் போகும் சுபாவம். ஓய்வு நேரங்களில் வீட்டுத்தோட்டம்." பாராளுமன்ற உறுப்பினர்கள் பற்றிய கைநூலில் கமலேஸ்வரி குலசிங்கத்தைப் பற்றி இப்படித்தான் அச்சிட்டிருக்கிறார்கள். வாசித்துக் காட்டினால், "என்ர செத்தவீட்டுக்கு எழுதி வைச்சிருக்கினம் போல" என்கிறார். தோட்டம் என்பது உப்புவெளி வீட்டு முற்றத்தில் நிற்கும் ஒற்றை முருங்கை. காய்க்கவில்லை என்று அதற்கும் ஏச்சு விழுகிறது. மென்மையான பேச்சைக் கேட்ட அமைச்சர் ஒருவர், அவர் எதிரே வந்தால் இன்றைக்கும் லிஃப்டை விட்டுப் படியால் இறங்குகிறார்.

ஐந்து தேர்தல்கள் வென்றவர். ஆனால் வாக்குக் கேட்கும் கலையில் ஒரு பாடத்தைப் படிக்கவே மறுத்தவர். தேர்தல் வந்தால் வேட்பாளர்கள் சல்லிக் கிராமத்துக் கரையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கரையில் நின்று இழுக்கும் கரைவலையின் கயிற்றைப் பிடிப்பார்கள். படம் எடுத்து முடிந்ததும் விட்டுவிடுவார்கள். கமலேஸ்வரி ஒருமுறைகூடத் தொட்டதில்லை. அந்தக் கரையின் வழக்கம் அவருக்குத் தெரியும்: கயிற்றில் கை வைத்தவர் வலை கரையேறும்வரை விடக்கூடாது. அதன்பின் அவர் அந்த வலையின் ஆள். மீன் வந்தால் மீனில் பங்கு, வழக்கு வந்தால் வழக்கில் பங்கு. "நான் வோட்டுக் கேட்டு வந்தனான். மீன் கேட்டு வரேல்லை."

இந்தமுறை வழக்கும் வந்தது. விடுதி கட்ட வந்த கம்பனி, அந்தக் கரையில் இப்போது யாரும் வலை வளைப்பதில்லை என்று சொல்லி வேலிக்கு அனுமதி கேட்டிருந்தது. உண்மையைப் பார்க்க அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் வருவதாக ஏற்பாடு. அவர் கண்முன்னே வலை கடலுக்குப் போய்க் கரையேறினால் இடம் தப்பும்; இல்லையென்றால் வேலி. ஆனால் அனுமதிக்கு முன்பே கம்பனி நட்ட வேலித் தூண்களைப் பிடுங்கியதாகப் பொலிஸில் முறைப்பாடு இருந்ததால், பெயர் எழுதப்படும் என்ற பயத்தில் இளந்தாரிகள் கரைப்பக்கமே வரவில்லை.

உத்தியோகத்தர் வருவதற்கு முதல்நாள் கொழும்பிலிருந்து கட்சிச் செயலாளர் தொலைபேசியில் வந்தார்.

"அக்கா, இதில கட்சி எந்தப் பக்கமும் இல்லை. நீங்கள் இறங்கினா, அடுத்தமுறை உங்களுக்கு இடம் தாறது கஷ்டம்."

"நிண்டு பாக்கிறதுக்கும் உங்களைக் கேக்க வேணுமே?"

"பாக்கலாம். பாத்திட்டு வாங்கோ."

"ஓம், பாக்கிறன்."

காலையில் சொன்னபடியே பார்க்கப் போனார். "வேனுக்குள்ளயே இரிங்க மெடம், நல்லாத் தெரியுது" என்றார் நெடுநாள் சாரதி அபூதாஹிர். "பாக்க வந்தனான், அபூதாஹிர். படுக்க வரேல்லை." குடையை விரித்துக்கொண்டு மணலில் இறங்கினார்; அபூதாஹிரும் பின்னால் போனார்.

வலை ஏற்கெனவே கடலில் இருந்தது. ஒரு கயிற்றில் கிழவர்கள், மற்றதில் பெண்கள். வலையின் சொந்தக்காரர் முருகேசு இரண்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தார். உத்தியோகத்தர் தென்னை நிழலில் நின்றார். பக்கத்தில் ஒரு பொலிஸ்காரர், கையில் பேனை.

பெண்களின் வரிசையில் முதலில் நின்ற துஷாந்தி திரும்பிப் பார்த்தாள். "என்னக்கா, குடை பிடிச்சுப் பாக்கிறதுக்கு நாங்கள் என்ன கூத்தே ஆடுறம்?"

அமைச்சர்களுக்குக் கிடைத்த மறுமொழி துஷாந்திக்குக் கிடைக்காதது அபூதாஹிரையே திடுக்கிட வைத்தது.

அப்போது நீரோட்டம் திரும்பியது. பெண்களின் கயிறு கடல்பக்கம் வழுகத் தொடங்கியது. குதிகள் மணலை உழுதன. கடைசியில் நின்ற ஒருத்தி விழுந்தாள். எழும்புமுன் கயிறு அவளைத் தாண்டிப் போய்விட்டது. "விடாதையுங்கோ! விட்டா வலை கல்லில மாட்டிடும்!" என்று முருகேசு கத்தினார். உத்தியோகத்தர் பார்த்தது போதும் என்பதுபோல மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

கமலேஸ்வரியின் கைப்பைக்குள் தொலைபேசி அடித்தது. திரையில் செயலாளர் பெயர். அதை எடுத்து அபூதாஹிரிடம் நீட்டினார்.

"என்ன சொல்ல, மெடம்?"

"பாத்து முடிஞ்சுது எண்டு சொல்லுங்கோ."

குடை காற்றில் உருண்டு போனது; யாரும் அதைத் துரத்தவில்லை. கமலேஸ்வரி துஷாந்திக்குப் பின்னால் போய்க் கயிற்றைப் பிடித்தார். வலை கரையேறும்வரை விடவில்லை.