மருமகள் செய்த கருவி என்னை எண்ணிய நாள்

ஊசியில் நூல் கோக்க எங்கள் தெருவே என் மருமகளிடம்தான் வரும். அப்படிப்பட்ட கண், அப்படிப்பட்ட கை. படித்தது பௌதிகம். எனக்கு மார்பில் வந்த கட்டியை ஆஸ்பத்திரியின் பெரிய ஸ்கேன் மிஷின் முதல் தடவை தவறவிட்டது. ஆள் முழுசாக நுழைகிற வளையம் அது. அவ்வளவு சின்னக் கட்டி அதன் கண்ணுக்கு மங்கிப்போனது. என் வைத்தியம் முடிவதற்குள் அவள் இருந்த வேலையை விட்டுவிட்டாள்.

"மார்புக்குப் பக்கத்திலேயே வைச்சுப் பார்க்கிற மாதிரி ஒண்ணு செய்யப் போறோம், அத்தை" என்றாள்.

ஸ்கேனுக்கு முன் ஊசியில் ஒரு மருந்து ஏற்றுவார்கள். கட்டி இருக்கிற இடத்தில் அது அதிகமாகச் சேரும், அங்கிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர் கிளம்பும். அந்தக் கதிர் பட்டால் மின்னுகிற படிகக் கல்லைத் தீக்குச்சியைவிட மெல்லிசாக அறுத்து, ஒவ்வொன்றுக்கும் பளபளக்கிற தாள் சுற்றி, நெருக்கி அடுக்கி ஒட்டுவதுதான் இவள் வேலை. குச்சி மெலிந்தால் படம் தெளியும். ஒன்று சாய்ந்தாலும் பிரித்து மறுபடி முதலிலிருந்து. கதிர் படாதபோதும் அந்தக் கல் தானாகக் கொஞ்சம் மின்னி முணுமுணுக்குமாம், அதைக் கழித்துவிட்டுத்தான் மின்னல்களை எண்ணுவார்களாம்.

"உன் புருஷன் மாதிரின்னு சொல்லு" என்றேன்.

"கழிக்க முடியலையே, அத்தை!"

உள்ளங்கை அகலத்தில் இரண்டு தட்டுகள் தயாராயின. ஒரு நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டரம்மா வந்து பார்ப்பதாக ஏற்பாடு. பக்கத்தில் பக்கத்தில் வைத்த அந்த மருந்தின் இரண்டு சின்னப் பொட்டுகளைக் கருவி தனித்தனியாகக் காட்டினால் நோயாளிகளுக்கு வைத்துப் பார்க்க அனுமதி. குழம்பிப்போனால், அத்தனை பாடும் வீண்.

அன்றைக்குத்தான் எனக்கும் வருடாந்தர ஸ்கேன். "சாயங்காலம் வரைக்கும் சின்னக் குழந்தைகளை மடியில வைச்சுக்காதீங்க, பாட்டி" என்றாள் நர்ஸ். வீட்டில் பேத்தி. என்னைக் கண்டால் மடியேறாமல் இருப்பாளா? வீட்டுக்கு வரமாட்டேன் என்று மகனிடம் கறாராகச் சொல்லிவிட்டு, அதே வளாகத்தில் இருந்த மருமகளின் ஆய்வுக்கூடத்துக்கு நடந்தேன். கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. தொந்தரவு செய்வானேன் என்று வெளியே சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தேன். நான் வந்தது யாருக்கும் தெரியாது.

உள்ளே ஒரே அமளி.

"எண்ணிக்கை ஏறிக்கிட்டே போகுது! எங்கியோ வெளிச்சம் உள்ள ஒழுகுது" என்றாள் மருமகள்.

"நான்தான் ஓரமெல்லாம் கறுப்பு டேப் ஒட்டினேனே!" இது அவளோடு வேலை பார்க்கிறவர். எல்லாருக்கும் அவர் மீசை.

நான் எழுந்து வராந்தாக் கோடியில் இருந்த கழிப்பறைக்குப் போனேன். திரும்பி வரும்போது மீசையின் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது: "குறைஞ்சிடுச்சு! டேப்புன்னா இப்படி ஒட்டணும்!"

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"மறுபடி ஏறுது. அந்த டேப்பை உங்க வாயில ஒட்டுங்க" என்றாள். பிறகு, "பிரிச்சிடலாம். வேற வழியில்ல" என்றாள்.

பிரித்தால் டாக்டரம்மாவுக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கதவைத் தட்டினேன். கையில் ஸ்க்ரூடிரைவரோடு வந்து திறந்தாள்.

"அத்தை! எப்ப வந்தீங்க?"

"அப்பவே. ஸ்கேன் முடிஞ்சு நேரா இங்கதான்."

என்னைப் பார்த்தாள். பெஞ்சைப் பார்த்தாள். அது சாய்ந்திருந்த சுவரைப் பார்த்தாள்.

"அந்தக் கோடி வரைக்கும் நடங்க, அத்தை."

"முட்டி வலிக்குதும்மா."

"நடங்களேன்!"

நடந்தேன். "குறையுது!" என்று உள்ளேயிருந்து கத்தினார் மீசை. திரும்பி வரச் சொன்னாள். "ஏறுது!"

"என்னம்மா, ரெண்டு பேரும் சேர்ந்து என்னைப் பந்தாடுறீங்களா?"

அவள் என் தோளில் சாய்ந்து சிரித்தாள்; கண்ணில் தண்ணீர். "உங்க உடம்புல அந்த ஊசி மருந்து இன்னும் இருக்கு. சுவரைத் தாண்டி இது உங்களைத்தான் எண்ணிக்கிட்டு இருந்திருக்கு. கருவி நல்லாத்தான் இருக்கு, அத்தை! இப்ப நீங்க கிளம்புங்க."

"டாக்டரம்மா வரும்போது நானும் இருப்பேன்."

"இருந்தா படம் கெட்டுப்போகும்."

வளாகத்தின் மறுகோடிக் கேண்டீனில் போய் உட்கார்ந்தேன்; டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

பொழுது சாயும்போது போனை நீட்டியபடி ஓடிவந்தாள். திரையில் இரண்டு பொட்டு, நடுவில் பளிச்சென்று இடைவெளி.

"அடுத்த மாசம் முதல் ஆளைக் கூட்டிட்டு வரச் சொல்லிட்டாங்க!"

"முதல் ஆள் நான்தான்."

"வீட்டு ஆளுங்களைச் சேர்க்கக் கூடாதுன்னு விதி இருக்கு, அத்தை."

"அந்த விதியைப் போட்டவரை எனக்குக் காட்டு" என்றேன். இன்னும் காட்டாமல் டபாய்த்துக்கொண்டிருக்கிறாள்.