விரிப்பை உதறச் சொன்னவள்

அந்த ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சலவைப் பிரிவில், அவளைப் 'பட்டாசு' என்றுதான் கூப்பிடுவார்கள். திரி கிள்ள வேண்டாம், உரசினாலே போதும் என்று கேலி வேறு. ஆனால் அழுக்கு விரிப்புகளைப் பிரித்து இயந்திரத்தில் போடும் அந்த வேலையில், பதினோரு வருஷத்தில் ஒருநாளும் அவள் காரணமில்லாமல் வெடித்ததில்லை.

போன வருஷம் காரணம் வந்தது. வார்டிலிருந்து சுருட்டி அனுப்பிய விரிப்பை உதறும்போது, யாரோ உள்ளேயே விட்டிருந்த ஊசி கையுறையைத் துளைத்துக் கட்டைவிரலில் ஏறியது. எந்த நோயாளிக்குப் போட்ட ஊசி? யாருக்கும் தெரியவில்லை. ரத்தப் பரிசோதனை, மாத்திரை, மறுபடி பரிசோதனை என்று ஆறு மாதம். கடைசியில் ஒன்றுமில்லை என்றார்கள். அந்த ஆறு மாதமும் மகள் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தால் மருந்து போட அவள் தன் தங்கையைத்தான் கூப்பிட்டாள்.

ஊசிப் பாதுகாப்புக்கென்று வருஷா வருஷம் கூட்டம் உண்டு. பாதுகாப்பு அதிகாரி கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, திரையில் இருப்பதை வரி விடாமல் வாசிப்பார். நர்சுகள் கண்ணைத் திறந்தபடியே தூங்குவார்கள். மறுநாளும் கீழே ஊசி வரும்.

இந்த முறை அவள் அதிகாரியின் அறைக்கே போனாள்.

"சார், எனக்கு அஞ்சு நிமிஷம் குடுங்க."

"நீங்க என்னம்மா பேசப் போறீங்க?"

"எனக்குக் குத்துனதைப் பத்தி."

"சரி சரி, கடைசில பாப்போம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்கு ஊசியைவிட ஆழமாக ஏறியது.

வீட்டில் நாலு பக்கம் எழுதித் தங்கையிடம் வாசித்துக் காட்டினாள். 'பெருமதிப்பிற்குரிய' என்று தொடங்கியது இரண்டாம் பக்கம் வருவதற்குள் தங்கை கொட்டாவி விட்டாள்.

"என்னடி, பேசறேன், வாயைப் பொளக்கற?"

"அக்கா, இது உன் பேச்சா, அந்த ஆபீசர் பேச்சா? குத்துன அன்னைக்கு வந்து கத்துனியே, அது இன்னும் என் காதுல இருக்கு. அதைச் சொல்லேன்."

சுருக்கென்றது. தாள்கள் குப்பைக்குப் போயின.

கூட்டத்தன்று அதிகாரி தன் நேரத்தையும் தின்று அவள் நேரத்தையும் தின்றார். மைக் அவளிடம் வந்தபோது இரண்டு நிமிஷம்தான் பாக்கி. தேநீருக்கு நாற்காலிகள் நகரத் தொடங்கிவிட்டன. அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மைக்கை மேஜையில் வைத்தாள். கொண்டுவந்திருந்த சுருட்டிய விரிப்போடு நேராக முன்வரிசைக்கு இறங்கி, ஒரு நர்சின் மடியில் அதை வைத்தாள்.

"இதைக் கொஞ்சம் உதறுங்கம்மா."

நர்சின் கை பாதியில் நின்றது. "உள்ள... ஏதாவது இருக்கா?"

நாற்காலிச் சத்தம் அடங்கியது.

"இதுல ஒண்ணும் இல்ல. நானே பாத்துதான் கொண்டுவந்தேன். ஆனா உங்களுக்கு இப்ப கை வரல பாருங்க, அந்தப் பயத்தோட நாங்க தினம் நானூறு விரிப்பு உதறுறோம். எங்களுக்கு யாரு பாத்து அனுப்புறா?" கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். "ஆறு மாசம் என் பிள்ளையோட சிராய்ப்பைத் தொட எனக்குப் பயம். வேற ஒண்ணும் கேக்கல. ஊசி போட்ட கையே அதை வார்டுல இருக்கிற ஊசிப் பெட்டியில போடணும். அடுத்தவங்க எடுப்பாங்கன்னு விடாதீங்க. அவ்வளவுதான்."

யாரும் கைதட்டவில்லை. அந்த நர்ஸ் விரிப்பை மெல்லப் பிரித்து மடித்துக் கொடுத்தாள்.

அந்த வாரம் கீழே வந்தது ஒரே ஒரு ஊசி. அதற்கு முன்பெல்லாம் வாரத்துக்கு ஏழெட்டு வரும்.

அதிகாரி அவளை அழைத்துப் பாராட்டினார். "பிரமாதம்மா! அடுத்த வாரம் வெளியிலேர்ந்து பார்வையாளர்கள் வராங்க. அவங்க முன்னாடியும் இதே மாதிரி செஞ்சு காட்டுங்க."

"அவங்க ஊசி போடுவாங்களா சார்?"

"இல்ல, அவங்க..."

"அப்ப அவங்ககிட்ட எனக்கு என்ன பேச்சு? அன்னைக்கு வேற ஷிப்ட்ல இருந்த நர்சுங்க பாதிப் பேர் கூட்டத்துக்கே வரல. அவங்களைப் பாக்க அனுமதி குடுங்க. வேடிக்கை காட்ட நான் வரல!"

அதிகாரி பேனாவை மூடினார், திறந்தார், முனகிக்கொண்டே ஒரு தாளில் அனுமதி எழுதிக் கையெழுத்துப் போட்டார். காகிதத்தை வாங்கிக்கொண்டு அவள் அப்போதே படியேறி முதல் வார்டுக்குப் போனாள்.